கடைசி மாதங்களில் குழந்தையின் அசைவு: எண்ணுவதா, கவனிப்பதா?

மழைக்காலம்:
எனக்குத் தலைப்பிரசவம். 34-வது வாரம் நடக்கிறது. போன செக்கப்பில் டாக்டர் ஓர் அட்டை கொடுத்து, காலை, மதியம், இரவு சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் ஒருக்களித்துப் படுத்து அசைவை எண்ணிக் கோடு போடச் சொன்னார். என் அக்காவுக்கு அவருடைய டாக்டர் சொன்னது வேறு: நாள் முழுக்கப் பார்த்து 12 மணி நேரத்தில் 10 வந்தால் போதுமாம். இணையத்தில் தேடினால் 2 மணி நேரத்தில் 10 என்கிறார்கள். எதைப் பிடித்துக்கொள்வது?

எதை அசைவு என்று சேர்ப்பது என்பதும் குழப்பமாக இருக்கிறது. பளிச்சென்று ஓர் உதை விழுந்தால் புரிகிறது. வயிறு ஒரு பக்கம் மேடு தட்டி மெதுவாக நகர்ந்துபோனால் அது ஒன்றா, இரண்டா? டக் டக் என்று ஒரே சீராக வருகிறதே, அதுவும் கணக்கா? எண்ண ஆரம்பித்த பிறகு நிம்மதி வரவில்லை, பதற்றம்தான் கூடியிருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நீலவானம்:
வாழ்த்துகள் தோழி. நான் இரண்டு பிள்ளை பெற்றவள். இரண்டு கர்ப்பத்துக்கும் சம்பந்தமே இல்லை. முதல் தடவை நஞ்சுக்கொடி வயிற்றின் முன்பக்கம் ஒட்டியிருந்தது. 20 வாரம் தாண்டியும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கவாட்டிலும் அடிவயிற்றிலும் மட்டும் லேசாகத் தட்டுப்படும். இரண்டாவதில் நஞ்சுக்கொடி பின்பக்கம். 17 வாரத்திலேயே தெரிய ஆரம்பித்துவிட்டது. அதனால் அடுத்தவர் கணக்கை உங்கள் வயிற்றுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டில் நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று எழுதியிருக்கும், பாருங்கள்.

டக் டக் என்று சீராக வருவது விக்கல். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று எனக்குச் சொன்னார்கள்.

இரவுப்பணி செவிலி:
பிரசவ வார்டில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான், ஏனென்றால் கேட்காமல் இருப்பவர்களை நினைத்துத்தான் கவலைப்படுவேன்.

முதலில் கணக்குகள். 12 மணி நேரத்தில் 10 என்பது 1976-இல் கார்டிஃப் நகரத்து மருத்துவர்கள் கொண்டுவந்த முறை. 2 மணி நேரத்தில் 10 என்பது 1989-இல் அமெரிக்காவில் வந்த ஆய்விலிருந்து. அந்த ஆய்வில் பெண்களுக்கு 10 அசைவு உணரச் சராசரியாக 20 நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஆனது. 2 மணி நேரம் என்பது தாராளமாக வைத்த எல்லை. சாப்பிட்ட பிறகு மூன்று வேளை எண்ணுவது, அந்தக் கூட்டுத்தொகையை நான்கால் பெருக்கி 12 மணி நேரக் கணக்காக்குவதற்காக. மூன்றும் மூன்று காலத்தில் மூன்று பேர் போட்ட கோடுகள். இதற்குக் கீழே போனால் ஆபத்து, மேலே இருந்தால் பத்திரம் என்று எல்லாக் குழந்தைக்கும் பொருந்துகிற ஓர் எண் கிடையாது. உங்கள் டாக்டர் அட்டை கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள், ஒன்றும் தப்பில்லை. ஆனால் அட்டையில் எண் சரியாக வந்துவிட்டது என்பதற்காக உங்கள் மனசு சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். வழக்கமாக ஒரு மணி நேரத்தில் 20 தடவை ஆடும் குழந்தை இன்று 5 தடவைதான் ஆடியது என்றால், அட்டைப்படி அது போதும். என்னைப் பொறுத்தவரை அது போதாது.

எது அசைவு? உதை, குத்து, புரளுதல், நெளிதல், வயிறு மேடு தட்டி நகர்தல் எல்லாமே அசைவுதான். தொடர்ந்து கொஞ்ச நேரம் புரண்டால் அதை ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள், நடுவில் நின்று மறுபடி ஆரம்பித்தால் அடுத்தது. இதில் நூலிழை சுத்தம் தேவையில்லை. தினமும் ஒரே மாதிரி எண்ணினால் போதும். விக்கல் சேராது, நீலவானம் சொன்னது சரி.

வயிற்றுக்குள் குழந்தை தூங்கும். ஒரு தூக்கம் பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம். 90 நிமிடத்தைத் தாண்டுவது அபூர்வம். அதனால் அரை மணி நேரம் அமைதியாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. பிற்பகலிலிருந்து இரவு வரைதான் அநேகக் குழந்தைகள் அதிகம் ஆடும். நீங்கள் நடந்துகொண்டும் வேலை பார்த்துக்கொண்டும் இருக்கும்போது பாதி அசைவு உங்களுக்குத் தெரியாமலே போகும்.

கடலோரம்:
எனக்கு 38 வாரம். வீட்டில் பெரியவர்கள், "நாள் நெருங்க நெருங்கக் குழந்தைக்கு இடம் பத்தாது, அடங்கிவிடும், அது நல்ல அறிகுறி" என்கிறார்கள். எனக்கும் இப்போது முன்பு மாதிரி படபடவென்று உதைகள் இல்லை, புரளுகிற மாதிரிதான் இருக்கிறது. இதை இயல்பு என்று எடுத்துக்கொள்ளலாம்தானே?

இரவுப்பணி செவிலி:
கடலோரம், இதில் ஒரு பாதி சரி, மறு பாதி ஆபத்தானது. அதனால் பிரித்தே சொல்கிறேன்.

அசைவின் விதம் மாறும் என்பது உண்மை. இடம் குறையும்போது ஓங்கி உதைப்பது குறைந்து, திமிறுவது, புரள்வது, முழங்காலோ முழங்கையோ ஒரு பக்கம் தள்ளுவது கூடும். ஆனால் எத்தனை தடவை ஆடுகிறது என்பது குறையக் கூடாது. 32 வாரம் வரை அசைவு கூடிக்கொண்டே வரும், அதன் பிறகு ஏறக்குறைய அதே அளவில் பிரசவம் வரை நிற்கும். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது. தலை கீழே இறங்கிப் பொருந்திய குழந்தையும் ஆடும். "அடங்கிவிட்டது" என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், அதை ஏற்றுக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

இப்போது நீங்களே யோசித்துப் பாருங்கள். புரள்வதெல்லாம் சேர்த்து, போன வாரம் எவ்வளவு நேரம் ஆடியதோ அவ்வளவு நேரம் ஆடுகிறதா? ஆமாம் என்றால் சரி. இல்லை, அல்லது சொல்லத் தெரியவில்லை என்றால் இன்றைக்கே மருத்துவமனையைக் கூப்பிடுங்கள்.

கடலோரம்:
உட்கார்ந்து கவனித்துப் பார்த்தேன் அக்கா. ஆட்டம் குறையவில்லை, உதைதான் புரளலாக மாறியிருக்கிறது. ஆனால் இதைக் கேட்காமல் இருந்திருந்தால், நாளைக்கு நிஜமாகவே குறைந்தாலும் "நல்ல அறிகுறி" என்றுதான் இருந்திருப்பேன்.

புது அப்பா:
மனைவிக்கு 31 வாரம். அவள் பதறும்போதெல்லாம் எனக்கும் கை கால் ஓடாது. வீட்டிலேயே இதயத்துடிப்பு கேட்கிற சின்ன டாப்ளர் கருவி விற்கிறார்களே, ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமா? துடிப்பு கேட்டால் ராத்திரியில் மருத்துவமனைக்கு ஓட வேண்டியதில்லை அல்லவா?

இரவுப்பணி செவிலி:
வாங்க வேண்டாம் தம்பி. காரணத்தை விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அக்கறையில் கேட்கிறீர்கள்.

தாயின் ரத்தக்குழாயில் ஓடும் ரத்தமும் நஞ்சுக்கொடியில் ஓடும் ரத்தமும் அந்தக் கருவியில் துடிப்பு மாதிரியே கேட்கும். பயந்திருக்கும் தாயின் நாடி நிமிடத்துக்கு 110, 120 என்று ஓடும். குழந்தையின் துடிப்பு 110-இலிருந்து 160 வரை. பழகாத காதுக்கு எது யாருடையது என்று பிரிக்கத் தெரியாது. நாங்களே தாயின் நாடியைக் கையில் பிடித்துப் பார்த்து ஒப்பிட்டுத்தான் உறுதி செய்வோம்.

அதைவிட முக்கியம் இது. குழந்தைக்கு ஆக்ஸிஜன் குறையும்போது அது முதலில் செய்வது தன் ஆட்டத்தைக் குறைத்துக்கொள்வது. இருக்கும் ஆக்ஸிஜனை இதயத்துக்கும் மூளைக்கும் மிச்சம் பிடிக்கிறது. துடிப்பு நிற்பது கடைசிக் கட்டம். துடிப்பு கேட்கிறது என்பதற்கு, குழந்தை இந்த நொடியில் உயிரோடு இருக்கிறது என்பது மட்டுமே அர்த்தம். நன்றாக இருக்கிறதா என்று அது சொல்லாது. நாங்கள் மானிட்டரில் பார்ப்பது, துடிப்பு எப்படி ஏறி இறங்குகிறது, அசையும்போது கூடுகிறதா என்பதை. கருவியில் சத்தம் கேட்டு நிம்மதியாகத் தூங்கிவிட்டு, காலையில் வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சில மணி நேரம் திரும்பக் கிடைக்காது.

உங்களால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. மனைவி "ஏதோ சரியில்லை" என்று சொன்னால் "ஒன்றுமில்லை, தூங்கு" என்று சொல்லாதீர்கள். போனை எடுங்கள், வண்டிச் சாவியை எடுங்கள்.

ஆய்வு மேசை:
எனக்கு ஒரு மாற்றுக்கருத்து. இவ்வளவு வலியுறுத்துவதற்கு ஆதாரம் இருக்கிறதா? 1989-இல் லான்செட் மருத்துவ இதழில் 68,000-க்கும் அதிகமான பெண்களை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. அட்டை போட்டு எண்ணியவர்களிடம் குழந்தை இறப்பு குறையவில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களில் நடந்த அஃபர்ம் என்ற ஆய்வு 2018-இல் வெளியானது. பெண்களுக்கு விழிப்புணர்வு, மருத்துவமனைகளுக்கு ஒரே மாதிரியான நடைமுறை, இரண்டும் சேர்த்துக் கொடுத்தார்கள். இறந்து பிறப்பது ஆயிரத்துக்கு 4.40 இருந்தது 4.06 ஆனது. தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு அது பெரிய வித்தியாசம் இல்லை. மாறாக, செயற்கையாக வலி வரவழைப்பதும் சிசேரியனும் கூடின. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரையும், தினசரி எண்ணும் அட்டையை ஆய்வுச் சூழலில் மட்டும்தான் ஏற்கிறது. பெண்களைப் பயமுறுத்தாமல் இருப்பதும் மருத்துவத்தின் கடமைதானே?

இரவுப்பணி செவிலி:
நீங்கள் சொன்ன ஆய்வுகள் எல்லாம் உண்மை. எண்ணும் அட்டையைக் கட்டாயமாக்குவதில் எனக்கும் உடன்பாடு இல்லை. எல்லாக் குழந்தைக்கும் பொருந்துகிற ஓர் எண் கிடையாது என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

ஆனால் அந்த ஆய்வுகள் கேட்ட கேள்வி, "எல்லாப் பெண்களையும் எண்ண வைத்தால், அல்லது எல்லா மருத்துவமனையிலும் ஒரே நடைமுறையைக் கொண்டுவந்தால் மொத்த இறப்பு குறையுமா" என்பது. "அசைவு குறைந்ததாகத் தோன்றும் ஒரு பெண் உடனே வர வேண்டுமா" என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் மாறவே இல்லை. வயிற்றிலேயே குழந்தையை இழந்த பல பெண்கள், அதற்கு முன் அசைவு குறைந்ததைக் கவனித்திருக்கிறார்கள். 1989 ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அட்டை போடாத பிரிவிலிருந்த பெண்களும் அசைவைப் பற்றிக் கவலைப்பட்டால் சொல்லலாம் என்றுதான் இருந்தது. எண்ணாமல் இருந்ததை, கவனிக்காமல் இருந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது.

அதே உலக சுகாதார நிறுவனப் பரிந்துரையில், அசைவு குறைந்தால் தெரிவிக்க வேண்டும் என்று கர்ப்பிணிகளுக்குச் சொல்வது நல்ல பராமரிப்பின் ஒரு பகுதி என்றும் இருக்கிறது. அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆய்வு மேசை:
அந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறேன். எண்ணாமல் கவனிக்க ஒரு வழியும் ஆய்வில் இருக்கிறது. ஸ்வீடனில் ஸ்டாக்ஹோமில் சுமார் 39,000 பெண்களை வைத்துச் செய்து, 2020-இல் வெளியிட்டார்கள். 28 வாரத்திலிருந்து, தினமும் குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் 15 நிமிடம் இடதுபக்கமாகப் படுத்து, எவ்வளவு பலமாக, எந்த மாதிரி, எவ்வளவு அடிக்கடி ஆடுகிறது என்று கவனிப்பது. எண்ண வேண்டாம். அந்தப் பிரிவில் அசைவு குறைந்ததாகச் சொல்லி வந்தவர்கள் அதிகம், ஆனாலும் சிசேரியன் கூடவில்லை, சற்றுக் குறைந்தே இருந்தது. மழைக்காலம் மாதிரி எண்ணும்போது பதறுகிறவர்களுக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

வேப்பமரம்:
இங்கே இவ்வளவு நாள் படிக்க மட்டும் செய்தேன். இதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

என் முதல் மகளை 37-வது வாரத்தில் இழந்தேன். முந்தைய நாளே அசைவு மந்தமாக இருந்தது. போன் பண்ணிக் கேட்டபோது, "நாள் நெருங்கிவிட்டதல்லவா, அப்படித்தான் இருக்கும், செக்கப்புக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில் வந்தது. அன்றே பார்த்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று யாராலும் எனக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் பார்த்திருக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த கர்ப்பத்தில் மருத்துவமனையை மாற்றினேன். மனசுக்குச் சரியில்லை என்று தோன்றிய ஒவ்வொரு தடவையும் போனேன். ஒரு தடவைகூட அங்கே யாரும் முகம் சுளிக்கவில்லை. "நல்ல வேளை வந்தீர்கள்" என்றுதான் சொன்னார்கள். மகன் நலமாகப் பிறந்தான்.

இதைப் படிக்கிற கர்ப்பிணிகளுக்கு: போனில் கேட்டுவிட்டு நின்றுவிடாதீர்கள். போனில் யாராலும் குழந்தையைப் பார்க்க முடியாது. நேரில் போங்கள். "அசைவு குறைந்திருக்கிறது, மானிட்டர் வைத்துப் பாருங்கள்" என்று வார்த்தையை நேராகச் சொல்லுங்கள்.

நீலவானம்:
வேப்பமரம், எழுதியதற்கு நன்றி. உங்கள் மகளை நாங்களும் நினைத்துக்கொள்வோம்.

மழைக்காலம்:
எல்லோருக்கும் நன்றி. வேப்பமரம் அக்கா, உங்கள் பதிவைப் படித்ததால்தான் நேற்று நான் கிளம்பினேன்.

நேற்று மத்தியானத்திலிருந்தே ஆட்டம் குறைவு. சாயங்காலம் வழக்கமாகப் புரளும் நேரத்திலும் ஒன்றும் பெரிதாக இல்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார், ஜூஸ் குடித்துப் பார் என்று வீட்டில் சொன்னார்கள். அதற்கெல்லாம் நிற்காமல் நேராக மருத்துவமனைக்குப் போய்விட்டோம்.

சாய்வாகப் படுக்க வைத்து, வயிற்றைச் சுற்றி இரண்டு பெல்ட் கட்டினார்கள். மேலே இருப்பது வயிறு இறுகுவதைப் பதிய, கீழே ஜெல் தடவி வைத்தது குழந்தையின் துடிப்புக்கு. கையில் ஒரு பொத்தான் கொடுத்து, அசைவு தெரியும்போதெல்லாம் அழுத்தச் சொன்னார்கள். காகிதம் மெதுவாக வெளியே வந்துகொண்டே இருந்தது, அதில் மேலே துடிப்புக்கு ஒரு கோடு, கீழே வயிறு இறுகுவதற்கு ஒரு கோடு. முதல் 20 நிமிடம் மேல்கோடு ஏற்றமில்லாமல் போனது, நான் பொத்தானை ஒரு தடவைகூட அழுத்தவில்லை. அந்தச் செவிலி பதறாமல், "தூங்குகிறான் போல, இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று என்னை இடதுபக்கம் திருப்பிவிட்டார். அப்புறம் திடீரென்று விலாவுக்குக் கீழே ஒரு தள்ளு. அழுத்தினேன். காகிதத்தில் அதே இடத்தில் கோடு மேடாக ஏறி இறங்கியது. அவர் அந்த மேட்டை விரலால் காட்டி, "இதைத்தான் தேடினோம், அசையும்போது துடிப்பு ஏற வேண்டும்" என்றார். அதன் பிறகு வரிசையாக மேடுகள். ஸ்கேனும் எடுத்தார்கள். பனிக்குட நீர், வளர்ச்சி, தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் எல்லாம் சரியாக இருந்தன. இரவே வீடு வந்துவிட்டோம்.

ஒரு கேள்வி. மறுபடி குறைந்தால்? நேற்றுதான் எல்லாம் சரி என்று பார்த்தார்கள், உடனே மறுபடி போய் நின்றால் என்ன நினைப்பார்கள்?

இரவுப்பணி செவிலி:
என்ன நினைத்தாலும் போங்கள். மானிட்டர் அந்த நேரத்து நிலைமையைக் காட்டும், அடுத்த நாளுக்கு உத்தரவாதம் தராது. ஒரு தடவை குறைந்து வருபவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கு எந்தச் சிக்கலும் இல்லாமல் பிரசவம் ஆகும். அதை நினைத்து ஆறுதல் கொள்ளுங்கள். ஆனால் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை குறைந்தால் நாங்கள் அதை முதல் தடவையைவிடக் கவனமாகத்தான் பார்ப்போம். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் வளர்ச்சி மந்தமாகும் குழந்தைகளில் சிலவற்றை அப்படித்தான் கண்டுபிடிக்கிறோம். போகும்போது, "இது இரண்டாவது தடவை" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பணி மாறியிருக்கும், புதியவருக்குத் தெரியாது.

ஜூஸ், குளிர்ந்த தண்ணீர் விஷயத்தில் நீங்கள் செய்தது சரி. இனிப்பு குடித்தால் குழந்தை எழும்பும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சந்தேகம் மட்டும் இருந்தால் இடதுபக்கம் படுத்து, வேறு எதிலும் கவனம் வைக்காமல் பாருங்கள். 2 மணி நேரத்துக்குள் 10 தெளிவான அசைவு வரவில்லை என்றால் கிளம்புங்கள். நன்றாகக் குறைந்துவிட்டது அல்லது அசைவே இல்லை என்று தெரிந்தால் அந்த 2 மணி நேரமும் வேண்டாம், அப்போதே போங்கள். காலை வரை காத்திருக்க வேண்டாம்.

நுரையீரல் முதிர்ச்சிக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் ஓரிரு நாள் அசைவு குறையலாம், தூக்க மருந்தாலும் குறையலாம். அந்தச் சமயத்திலும் நீங்களாகவே ஊசியால்தான் என்று முடிவு செய்துகொள்ளாமல் தெரிவியுங்கள்.

புது அப்பா:
கருவி வாங்கவில்லை அக்கா. இன்னொரு சந்தேகம்: மனைவி சில நேரம் மல்லாந்து தூங்கிவிடுகிறாள், விழித்ததும் அழுகிறாள். தூங்கும் பக்கத்தால் அசைவில் வித்தியாசம் வருமா? திடீரென்று ரொம்ப அதிகமாக ஆடினால் அதுவும் பிரச்சினையா?

இரவுப்பணி செவிலி:
அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் கனம் முதுகெலும்பை ஒட்டியிருக்கும் பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தி, குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும். அதனால் படுக்கப் போகும்போது ஒருக்களித்துப் படுத்தால் போதும், இடதோ வலதோ எந்தப் பக்கமும் சரி. நடு ராத்திரியில் மல்லாந்து விழித்தால் திரும்பிப் படுத்துக்கொள்ளட்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்தால் உருளுவது குறையும்.

அசைவு நாளுக்கு நாள் பலமாவது நல்லதுதான். ஆனால் இதுவரை இல்லாத வெறித்தனமான ஆட்டம் ஒரே ஒரு முறை வந்து, அப்புறம் ஓய்ந்துபோனால் அதையும் சொல்லுங்கள். வழக்கம் உடைவதுதான் நாங்கள் தேடும் அறிகுறி.

கடலோரம்:
கடைசியாக ஒன்று அக்கா. வலி ஆரம்பித்த பிறகு அசைவைப் பார்க்க வேண்டியதில்லைதானே? அப்போது வலியைக் கவனிக்கவே நேரம் சரியாக இருக்கும்.

இரவுப்பணி செவிலி:
வலி வந்த பிறகும் குழந்தை ஆடும், ஆட வேண்டும். வலியின் உச்சத்தில் தெரியாமல் போகலாம், ஆனால் இரண்டு வலிக்கு இடைப்பட்ட ஓய்வில் தெரியும். வீட்டில் வலி நேரத்தைக் குறித்துக்கொண்டிருக்கும்போதே, இடைவேளையில் அசைந்ததா என்றும் யாராவது உங்களைக் கேட்கட்டும். மருத்துவமனைக்குப் போன் பண்ணும்போது அங்கே கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்றாக இருக்கும். வலி தொடங்கிவிட்டது, அசைவு தெரியவில்லை என்றால், வலி இன்னும் நெருங்கட்டும் என்று வீட்டில் காத்திருக்காமல் உடனே கிளம்பி வாருங்கள்.